சின்னஞ்சிறு காரின் பின்சக்கரம் சொல்லும் வரலாறு



பெரியவர்கள் பலரும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடும் ஒரு பொருளைப் பற்றி இன்று நாம் பேசவிருக்கிறோம். வானொலி அலைகளால் இயங்கும் சிறிய பந்தயக் கார்தான் அது. உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோ. அதை மேசைமேல் வைத்து, பின்பக்கத்தை ஒரு விரலால் மெல்ல அழுத்திவிட்டு விரலை எடுத்துப் பாருங்கள். அமுங்கிய பாகம் துள்ளாமல், தயங்காமல், சீராக மேலே வந்து நிற்கும். அந்த அசைவு ஓர் அங்குலம்கூட இராது. ஆனால் அதற்குப் பின்னால் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், இந்த அமைப்பு எதற்காக என்று தெரிந்துகொள்வோம். சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில்தான் அது வண்டியைத் தள்ளும். மேடு பள்ளத்தில் தாவி, காற்றில் சுழலும் சக்கரத்தால் ஒரு பயனும் இல்லை. நாம் எடுத்துக்கொண்ட வகைக் கார்களில் மோட்டாரின் விசை பின்சக்கரங்களுக்கே செல்கிறது. ஆகவே வண்டியை முன்னே தள்ளும் வேலையும், வளைவில் வால் வீசாமல் பிடித்து நிறுத்தும் வேலையும் பின்சக்கரங்களின் தலையில் ஒருசேர விழுகின்றன. இந்த இரண்டையும் செய்ய அவற்றுக்குத் துணை நிற்பவை இரண்டு உறுப்புகள். ஒன்று சுருள்வில். மற்றது, பட்டறைகளில் அப்சார்பர் என்று சொல்லும் அதிர்வடக்கி. வில், அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதிர்வடக்கியோ அதை வெப்பமாக மாற்றி அழித்துவிடும். வில் மட்டும் இருந்தால் வண்டி ரப்பர்ப் பந்தைப் போலக் குதித்துக்கொண்டே போகும். அதிர்வடக்கி மட்டும் இருந்தால் வண்டி எழுந்து நிற்கவே நிற்காது.

வில்லுக்குக் கணக்கு வகுத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். எவ்வளவு விசை கொடுக்கிறோமோ அந்த அளவுக்கு வில் நீளும் அல்லது அமுங்கும் என்னும் விதியை 1678-இல் அவர் விளக்கி வெளியிட்டார். ஆனால் குதிரை வண்டிப் பயணிகள் அதன் முழுப் பயனை அடைய மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1804-இல் லண்டன் வண்டித் தொழிலாளர் ஒபதையா எலியட் என்பவர், நீள்வட்டமாக வளைத்த எஃகுப் பட்டை வில்களை அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே பொருத்தும் முறையைக் கண்டார். கனத்த அடிக்கட்டைகள் இன்றி வண்டி எடை குறைந்தது, ஓட்டமும் மென்மையாயிற்று.

பிறகு மோட்டார் வண்டி வந்தது. குதிரையின் வேகத்தில் பொறுத்துக்கொள்ளக் கூடியதாயிருந்த குதிப்பு, இயந்திர வேகத்தில் ஆபத்தாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் த்ரூஃபோ என்பவரும் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்பவரும் உராய்வினால் அதிர்வை அடக்கும் கருவியைப் பரப்பினர். தட்டுகள் ஒன்றோடொன்று உரசும்போது குதிப்பு குன்றும். இதில் ஒரு குறை இருந்தது. உராய்வுத் தட்டு சிறு அதிர்வுக்கு அசையவே மறுக்கும். பெரிய அதிர்ச்சிக்கோ அதன் தடை போதாது. எண்ணெய் அப்படியன்று. எண்ணெயைச் சிறு துளை வழியே மெல்லத் தள்ளினால் எளிதாகப் போகும்; வேகமாகத் தள்ளினால் கடுமையாக எதிர்க்கும். அதிர்ச்சிக்குத் தக்க தடையைத் தானே தரும் இந்தக் குணத்தினால், எண்ணெய் அதிர்வடக்கியே நாளடைவில் வென்றது.

1930-களில் இக்கலை விஞ்ஞானமாக வளர்ந்தது. இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மோரிஸ் ஓலி என்னும் பொறியாளர், ஒரு பெரிய காரின் மேல் இடம் மாற்றத்தக்க எடைகளைப் பொருத்தி, வில்களையும் எடைகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். அந்நாளில் முன்வில் கடினமாகவும் பின்வில் மென்மையாகவும் இருப்பதே வழக்கம். அவரோ முன்வில்லை மென்மையாக்கினால்தான் வண்டி முன்னும் பின்னும் ஆடாமல் தட்டையாகச் செல்லும் என்று கண்டார். காரணம் எளிது. ஒரு மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பிந்தித் தொடங்கும் பின்பக்கம் சற்று விரைவாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து இரண்டும் ஒன்றாக அடங்கும்.

இவ்வளவு கற்ற பிறகும், பின்சக்கர அமைப்பில் செய்த ஒரு பிழை பெருந்துயருக்குக் காரணமாகப் பேசப்பட்டதை வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1960-ஆம் ஆண்டுக்கான மாதிரியாகக் கோர்வேர் என்னும் காரை வெளியிட்டது. அதன் இயந்திரம் பின்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் பறவையின் இறக்கைபோல, நடுவிலிருந்து மேலும் கீழும் அசையும் அரை அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்தன. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் மேலெழும். வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கும். பிடிப்பு திடீரென்று அற்றுப்போகும். இதைச் சமாளிக்க, முன் டயரில் 15 பவுண்டும் பின் டயரில் 26 பவுண்டும் காற்றழுத்தம் வைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் குறிப்பு. இந்த நுட்பத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? 1964 மாதிரியில் பின்புறத்தில் குறுக்கு வில் ஒன்று சேர்க்கப்பட்டது; 1965 மாதிரியில் பின் அமைப்பே மாற்றப்பட்டது. அதே 1965-இல் ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர் கார்களின் பாதுகாப்பின்மையைப் பற்றி எழுதிய நூலின் முதல் அத்தியாயம் இக்காரைப் பற்றியதே. பின்னர் 1972-இல் வெளியான அரசாங்க ஆய்வு, அக்காலத்து மற்றக் கார்களைவிட இது மோசமன்று என்று கூறியது. தீர்ப்பு எப்படியானாலும், பின்சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது உயிரைத் தொடும் விஷயம் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இனி நம் சின்னக் காருக்கு வருவோம். 1966-இல் இத்தாலியின் எல்-ஜி என்னும் நிறுவனம், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஃபெராரி காரைச் செய்து, அதை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டியது. 1970-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, சிறு எண்ணெய் இயந்திரம் பூட்டிய கார்கள் பந்தயம் ஓடின. அவை ஓடியது பெரும்பாலும் சமதளமான கார் நிறுத்துமிடங்களில். ஆகவே அவற்றுக்குத் தாங்கும் அமைப்பென்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு தட்டையான தகடு; அதன் நான்கு மூலைகளில் சக்கரங்கள். தகடு சற்றே வளைந்து கொடுப்பதுதான் அதற்கு வில்.

1976-இல் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் பந்தயக் கார் ஒன்றின் மாதிரியை வெளியிட்டது. அது போர்ஷே 934. காட்சிக்கு வைக்கும் மாதிரியாகத் தொடங்கிய அது, அவ்வாண்டு முடிவதற்குள் வானொலியால் ஓடும் காராகவும் வந்தது. அதன் பின்சக்கரங்களும் அடித்தகட்டோடு இறுகப் பிணைந்தவையே. வழவழப்பான தரையில் அழகாக ஓடும். ஒரு சரளைக்கல் குறுக்கிட்டால் துள்ளித் திசை மாறும்.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. கலிபோர்னியாவின் மணல்வெளிகளில் ஓடிய பக்கி வண்டிகளைப் பின்பற்றி, 1979-இல் அதே நிறுவனம் ரஃப் ரைடர் என்னும் மாதிரியைக் கொண்டுவந்தது. அதில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைந்தன. சமதளத்தை விட்டு மண்ணில் இறங்கியபோதுதான் சின்னக் காருக்கும் பெரிய காரின் பாடம் தேவைப்பட்டது. தரை கேட்டது, பொறியாளர் கொடுத்தார்.

1984-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் மறக்க முடியாதது. அவ்வாண்டு வந்த மூன்று கார்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு பள்ளிப் பாடமே நடத்திவிடலாம். முதலாவது, தமியாவின் கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி. அதில் மோட்டார், பற்சக்கரப் பெட்டி, பின் அச்சு மூன்றும் ஒரே கட்டாக இணைந்து ஒரு கீலில் தொங்கின. மேலே சுருள்வில்கள் இருந்தன. எண்ணெய் அதிர்வடக்கி இல்லை. மேட்டில் ஏறினால் பெயருக்கேற்பக் குதிக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றச் சக்கரமும் சேர்ந்து சாயும். இரண்டாவது, அதே நிறுவனத்தின் ஹார்னெட். கட்டமைப்பு ஏறத்தாழ அதேதான். ஆனால் பின்புறத்தில் எண்ணெய் நிரப்பிய அதிர்வடக்கிகள் இருந்தன. அந்த ஒரு மாற்றத்தால் குதிப்பு வெகுவாக அடங்கியது. ஆயினும் மோட்டாரின் எடை முழுவதும் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியது. ஆடும் பாகம் கனமாக இருந்தால், தரையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து அது இறங்கி வருவதற்குள் சக்கரம் காற்றில் நின்றுவிடும்.

மூன்றாவது, அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனத்தாரின் ஆர்.சி.10. பொன்னிறமேற்றிய அலுமினிய அடித்தளம் கொண்டது அது. மோட்டாரும் பற்சக்கரங்களும் அடித்தளத்தின்மேல் அமர்ந்துவிட்டன. சக்கரமும் இலேசான நைலான் கையும் மட்டுமே ஆடின. எண்ணெய் அதிர்வடக்கிகள் நீண்ட தூரம் அமுங்கி எழுந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓட்டுபவர் தம் கையால் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இருந்ததுதான். அதிர்வடக்கியின் சாய்வு, வில்லின் இறுக்கம், சக்கரத்தின் சாய்வு ஆகியவற்றைத் திடலுக்குத் தக்கபடி மாற்றலாம். 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மார் ஊரில், இந்த அளவுள்ள மின்கார்களுக்கான முதல் மண்தரை உலகப் போட்டி நடந்தபோது, பின் அமைப்பைச் சரிசெய்வது ஒரு தனிக் கலையாகவே ஆகிவிட்டிருந்தது.

எலியட்டின் வில்லிலிருந்து தனித்தனியே அசையும் நவீனப் பின்சக்கர அமைப்பு வரையில் பெரிய வண்டிகள் நடந்த வழி நூறாண்டுக்கும் மேற்பட்டது. இறுகிய தகட்டிலிருந்து ஆர்.சி.10 வரையில் சின்னக் கார் நடந்த வழியோ எட்டே ஆண்டுகள். முன்னோர் கண்ட விடைகள் கையில் இருந்தன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை இறுதியில் சொல்வோம்.

பெரிய காரை அப்படியே சுருக்கினால் சின்னக் கார் வந்துவிடுமா என்றால், வராது. ஒரு கணக்கைப் பார்ப்போம். நீளத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் கனஅளவு ஆயிரத்தில் ஒன்றாகும். 1,500 கிலோ கார் ஒன்றரைக் கிலோவாகும். ஆனால் புவியீர்ப்பு குறைவதில்லை. பெரிய காரின் எடையால் அதன் வில் 16 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், அந்தக் கார் விநாடிக்கு ஒன்றேகால் முறை ஆடும். சின்னக் காரின் வில் அதில் பத்தில் ஒரு பங்காக 1.6 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், அது விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை ஆடும். தரையும் அதற்காகச் சுருங்குவதில்லை. 2 சென்டிமீட்டர் கல் அதற்கு 20 சென்டிமீட்டர் பாறை. ஆகவே சின்னக் காரின் பின் அமைப்பு, பெரியதைவிட மும்மடங்கு விரைவாகத் தன் வேலையைச் செய்து முடிக்க வேண்டும்.

அப்படியானால் அதைச் சரிசெய்வது எப்படி? அனுபவசாலிகள் கைக்கொள்ளும் முறையை வரிசையாகச் சொல்லுவோம். முதலில் மின்கலம் உட்பட எல்லாவற்றையும் பொருத்திய பிறகே காரை அளக்க வேண்டும். சமமான பலகையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி விழவிடுங்கள். அடங்கி நிற்கும்போது, சக்கரத்துக்குச் செல்லும் தண்டு தரைக்கு ஏறத்தாழ இணையாக இருப்பது தொடக்கத்துக்கு நல்ல நிலை. மேலே அமுங்குவதற்கு இடம் இருப்பதைப் போலவே, கீழே தொங்குவதற்கும் இடம் இருக்க வேண்டும். பள்ளம் வரும்போது சக்கரம் அதற்குள் இறங்கித் தரையைத் தேட அந்தத் தொங்கலே உதவுகிறது.

அடுத்தது எண்ணெய். காரை மேட்டில் ஓட்டிப் பாருங்கள். குதித்து இறங்கியபின் மறுபடியும் துள்ளினால் எண்ணெய் மெலிது. சற்றுத் தடித்த எண்ணெய் வேண்டும். சிறு மேடு பள்ளங்களில் சக்கரம் தரையைத் தொடாமல் தடதடவென்று போனால் எண்ணெய் தடித்தது. மெலிந்ததை ஊற்ற வேண்டும். வெப்பத்தில் எண்ணெய் இளகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் உச்சி வெயிலில் சரியாக ஓடிய கார், மழை பெய்து குளிர்ந்த மாலையில் வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். எண்ணெய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வேலை செய்யாது. குமிழி வெளியேறும் வரை பொறுத்திருந்து மூட வேண்டும்.

மூன்றாவது, சக்கரத்தின் நிலை. பின்சக்கரத்தின் மேற்புறத்தை ஓரிரு பாகை உட்பக்கம் சாய்த்து வைத்தால், வளைவில் உடல் சாயும்போது டயர் முழுமையாகத் தரையில் பதியும். கோர்வேர் காரின் கதையை இங்கே நினைவுகூரலாம். அங்கே பெரிய காரில் அடக்க முடியாமல் போன அதே கோணத்தை, இங்கே ஒரு திருகாணியால் சரிசெய்கிறோம். அன்றியும், இரு பின்சக்கரங்களையும் முன்புறம் இரண்டு மூன்று பாகை உள்நோக்கித் திருப்பி வைத்தால் வேகமெடுக்கும்போது கார் நேராகச் செல்லும். மிகையானால் உராய்வு கூடி, மின்கலத்தின் சக்தி வீணாகும்.

இப்போது, புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி. வளைவில் பின்பக்கம் வழுக்கி வீசுகிறது என்றால், பின்வில்லை இறுக்கிவிட்டால் உறுதியாக நிற்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. வளைவில் எடை உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறுகிறது. டயரின் மேல் எடை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே எந்த அச்சில் எடை அதிகமாக இடம் மாறுகிறதோ, அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. பின்வில்லை இறுக்கினால் எடை மாற்றத்தின் பெரும்பங்கு பின் அச்சுக்கே போய், அது மேலும் வழுக்கும். ஆகவே பிடிப்பு வேண்டிய பக்கத்தை இளக்க வேண்டும். ஓலியும் அவர் காலத்துப் பொறியாளர்களும் பெரிய கார்களில் ஆராய்ந்த இந்த உண்மையை, பத்து நிமிடத்தில் ஒரு திடலில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வில் அளவுக்கு மீறி இளகினால் காரின் அடிப்பாகம் தரையில் இடிக்கும், திரும்பவும் சோம்பும். எனவே அளவறிந்து இளக்குவதே திறமை.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும், ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வில்லையும் எண்ணெயையும் சேர்த்து மாற்றிவிட்டு, கார் நன்றாக ஓடினாலும் எதனால் என்று தெரியாது; கெட்டுப்போனாலும் எதனால் என்று தெரியாது.

வரலாறு எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதற்கும் சின்னக் காரிலேயே சான்று இருக்கிறது. 1999-இல் ஜப்பானின் கியோஷோ நிறுவனம் மினி-சட் என்னும் உள்ளங்கைக் காரை வெளியிட்டது. உண்மைக் காரில் இருபத்தெட்டில் ஒரு பங்கு அது. அவ்வளவு சிறிய உருவத்தில், எண்ணெய்க் குழாய்கள் இரண்டும் சுருள்வில்கள் இரண்டும் பூட்டுவது எளிதா? ஆகவே மோட்டாரும் பின் அச்சும் கொண்ட கட்டை, தகடு ஒன்றால் முன் பாகத்தோடு இணைத்தார்கள். அந்தத் தகடு முறுக்கி வளைந்து வில்லின் வேலையைச் செய்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்குக் கார்களில் முன்பே கண்ட முறைதான் அது. அதிர்வை அடக்க, பந்தயக்காரர்கள் பசை தடவிய சிறு தட்டுகளை உரசவிடுகிறார்கள். த்ரூஃபோவின் உராய்வுத் தட்டு நூறாண்டு கழித்து உள்ளங்கையில் திரும்பி வந்திருக்கிறது. தகட்டை மெல்லியதாக்கினால் பிடிப்பு கூடும், தடித்ததாக்கினால் குறையும். கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை.

1984-இல் வந்த அந்தக் கார்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் இரண்டும் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மறுபடியும் வெளிவந்தன, ஆர்.சி.10 காரும் 2013-இல் பழைய வடிவிலேயே வெளியிடப்பட்டது. இவற்றுள் இரண்டை அருகருகே வைத்து ஒரே மேட்டில் ஓட்டிப் பார்க்கும் மாணவன், பாட நூலில் பல பக்கம் படித்தும் விளங்காததைக் கண்ணால் கண்டுகொள்வான்.

எட்டே ஆண்டுகளில் சின்னக் கார் இவ்வளவு கற்றதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றோமே, அதைச் சொல்லி முடிப்போம். பெரிய காரின் பின்சக்கரம் தவறாக மடங்கினால், விலையாகப் போவது மனித உயிர். சின்னக் காரின் பின்சக்கரம் தவறாக மடங்கினால் உடைவது ஒரு நைலான் துண்டு. அதை எடுத்துப் பார்த்து, ஏன் உடைந்தது என்று கேட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்தி மறுபடியும் ஓட்டலாம். பிழை மலிவாக இருக்குமிடத்தில் அறிவு விரைவாக வளர்கிறது. நாளை பெரிய வண்டியை வடிவமைக்கப் போகும் கைகள், இன்று சிறிய வண்டியில் தவறு செய்து பழகட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை திருகாணியும் எண்ணெய்ப் புட்டியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தால், விளையாடிப் பொழுதைப் போக்குகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். விடையைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.